கிளிப்பச்சை

வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிவிட வேண்டும். ஏறிவிட்டால், பாத்திகளின் வெண்மை சூரியனைப் பிடித்து மனிதர் முகத்தின் மீதே திருப்பி எறியும். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையின் இருபுறமும் பரந்து கிடந்த அந்த உப்பளத்தில் வேலை முடித்துக் கண் கூசாமல் வீடு திரும்பியவர் எவருமில்லை. காலில் எரிச்சல் இல்லாமல் படுத்தவரும் எவருமில்லை. ஊரெல்லாம் உண்ணும் சோற்றுக்கு ருசி கொடுத்த அந்தக் கால்களுக்கு வேப்பெண்ணெயைத் தவிர வேறு மருத்துவம் வாய்த்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, மாசி மாதத்துக் காலை ஒன்றில், அந்த வெண்மையின் நடுவே வரப்பின் மீது சகுந்தலா அசையாமல் நின்றாள். அவள் உடுத்தியிருந்தது கிளிப்பச்சை நிறச் சேலை. தொலைவில், பாத்திகளுக்கு அப்பால், தடித்த கண்ணாடி அணிந்த அவள் மகள் கோமளவல்லி, தந்தை செல்வராஜின் கையை விட்டுவிட்டு, முகத்தை மெல்ல இப்புறமும் அப்புறமும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறக்காத சகுந்தலா! இருமக்கூட இருமாத!" என்று செல்வராஜ் கத்தினான். "கொரல் குடுத்தா கொழந்த காதால புடிச்சிக்கும். அப்பால டாக்டரம்மாகிட்ட ஏச்சு வாங்கறது நான்தான்."

மரப்பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "இன்னா செல்வராசு, பொண்டாட்டிக்கு ஒரே கலர்ல நாலு பொடவையாமே? கடக்காரன் உன் தலையில கட்டிட்டானா?"

"அவன் எங்க கட்டினான்? நான்தான் அவன் கடையில பச்சையே இல்லாத பண்ணிட்டு வந்தேன்."

"நாங்க கிளி வருதுன்னு நெனச்சிக்கினு கொய்யாப்பழத்த ஒளிச்சி வெச்சோம்."

சிரிப்பு பாத்திக்குப் பாத்தி தாவியது. அதற்குள் கோமளாவின் முகம் ஒரே திசையில் நின்றுவிட்டது. அவள் ஓடி வந்தாள். ஈர வரப்பில் இருமுறை சறுக்கினாள். சேலையைப் பற்றி, முகத்தை அதில் புதைத்து, "அம்மா" என்றாள். தாய் என்று தெரிந்து சொன்ன சொல் அது. கேட்டு அல்ல, முகர்ந்து அல்ல, கண்டு சொன்ன சொல். சகுந்தலா அப்போதுதான் வாய் திறந்தாள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டார்கள்.

கோமளா பிறந்தபோதே அவளுடைய இரு கண்மணிகளும் பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தன. பிறவிக் கண்புரை. அறுத்து எடுக்க வேண்டிய ஒன்று. பிறந்த சில வாரங்களிலேயே எடுத்திருக்க வேண்டிய ஒன்று. ஆனால் அந்த வீட்டுக்கு அது புரையாகத் தெரியவில்லை, தண்டனையாகத் தெரிந்தது. அவள் வயிற்றில் இருந்தபோது, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், சூரிய கிரகணம் வந்தது. மழை தலைக்குமேல் நின்றது. உப்புக் குவியல்களைக் கீற்றால் மூடாவிட்டால் ஒரு பருவத்து உழைப்பு கரைந்து கடலுக்கே போய்விடும். கர்ப்பிணியான சகுந்தலா அன்று காலை வெளியே வந்து கீற்று சுமந்தாள். அந்த ஒரு காலைப்பொழுதை அவள்மீது குற்றமாகச் சுமத்தி வைத்தார்கள். "கிரகணம் புடிச்ச கண்ணு, அதுவா உடும்" என்றார்கள். திருவிடந்தைப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, அந்தக் கோயில் தாயாரின் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள், இருட்டில் ஒரு பிள்ளை வளர்ந்தது.

கேளம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் டாக்டர் ஜஹனாராதான் முதலில் கோபப்பட்டவர். புதுப்பட்டினத்துக்காரப் பெண்மணி, செங்கல்பட்டில் பணி.

"ஏழு வருஷமா இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

சகுந்தலா கிரகணத்தைச் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார்.

"நீ வெளிய போனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேட்டுக்கோ. நீ ஒண்ணுமே பண்ணல."

சகுந்தலாவுக்கு அந்தச் சொற்கள் உடனே உள்ளே இறங்கவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கச் செங்கல்பட்டு போய்விட்டு ஊருக்குத் திரும்பும் பேருந்தில், சிங்கப்பெருமாள் கோயில் தாண்டிய பிறகுதான், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த பின்பு கோமளா நிறங்களை வாரி விழுங்கினாள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் ஒருமுறையில் பிடித்துக்கொண்டாள். ஆனால் வடிவங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் உப்பளத்துப் பம்புசெட்டு அறையின் பச்சைக் கதவை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சகுந்தலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் ஜஹனாரா ஒரு சோதனை செய்தார். செல்வராஜும் சகுந்தலாவும் திருவிழாவில் எடுத்துக்கொண்ட வண்ணப் புகைப்படத்தைக் காட்டினார். "நைனா, அம்மா" என்று கோமளா உடனே சொன்னாள். அதே படத்தைக் கடைக்கு அனுப்பிக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துவரச் செய்து காட்டினார். கோமளா நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "இது அழுக்கு" என்றாள்.

"பச்சக் குழந்தைக்குப் பிறந்த புதுசுல கலர் அவ்வளவா தெரியாது" என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். "எல்லாம் மங்கலா, வெளிச்சம் நிழலாத்தான் இருக்கும். அந்த வெளிச்சம் நிழலை வெச்சுத்தான் மூளை முதல்ல மூக்கு எது, மூஞ்சி எதுன்னு பழகும். கலர் அதுமேல பின்னால வந்து சேரும். இவளுக்கு அந்தப் பாடம் கிடைக்கல. ஏழு வயசுல எல்லாம் ஒரே நாள்ல கொட்டிச்சு. அதனால எது பளிச்சுன்னு இருக்கோ அதைப் புடிச்சிக்கினா. இது எந்தப் புஸ்தகத்துலயும் நான் படிச்சது இல்ல. என் கண்ணால பார்த்து நான் நினைக்கிறது. தப்பாவும் இருக்கலாம்."

"அப்பிடின்னா இவளுக்கு எம்மூஞ்சி தெரியவே தெரியாதாம்மா?"

"தெரியும். நாளாகும். அதுவரைக்கும் கலர்தான் அவளுக்கு ஊன்றுகோல். திடீர்னு புடுங்கிடாத. நீ ஒரே கலர் கட்டு. குரல் குடுக்காம நில்லு, அவளே தேடி வரட்டும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. பயந்துபோய்க் கண்ண மூடிக்கப் பழகினா, மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுடும். அப்புறம் நான் எத்தனை ஆபரேஷன் பண்ணாலும் பார்வை திரும்பி வராது."

செல்வராஜ் அன்று மாலையே துணிக்கடைக்குப் போனான்.

அந்தச் செல்வராஜ், அதே ஆண்டுப் பங்குனி வெயிலில், உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து லாரியில் போனவன், கோவளம் திருப்பத்தில் மூட்டைகளோடு சரிந்து விழுந்து இறந்துபோனான்.

கருமாதி நாள் வந்தது. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். ஊரில் பலர் அதை இப்போது வண்ணத்திலேயே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அந்த வீட்டில் சொல் செல்வராஜின் அக்காள் ஜெகதாம்பாளுடையது. இருபத்திரண்டு வயதில் தாலி அறுத்தவள். அன்றிலிருந்து வெள்ளையைத் தவிர வேறொன்றைத் தொடாதவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். கோமளாவின் அறுவைக்காகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுந்தரையில் படுத்துக் கிடந்தவளும் அவளே. "எங்க வூட்டு மொற வெள்ளதான்" என்று அவள் சொல்லியனுப்பினாள். சகுந்தலாவின் அண்ணன் வாசுதேவன் அப்படியே வாங்கிவந்தான்.

விடியலில் உப்பங்கழிக் கரைக்குக் கூட்டிப்போய், சகுந்தலாவின் முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தலை கொள்ளாத பூச்சூட்டி, கைநிறைய வளையல் அடுக்கினார்கள். எதற்கு? ஒவ்வொன்றாகப் பறிப்பதற்கு. ஒருத்தியை மணப்பெண்ணாக்கி நிறுத்தி, அவள் கண்முன்பே அவளைக் கலைக்கும் அந்தச் சடங்கைக் கண்டுபிடித்த மனத்தின் கொடுமையை என்னவென்பது! கழித்தண்ணீர் அவள் தலையில் ஊற்றப்பட்டது. கோடி போர்த்தப்பட்டது.

கோடி போர்த்தப்பட்டவள் முகத்தில் சுமங்கலிகள் விழிக்கலாகாது. ஆகவே மற்றப் பெண்கள் முன்னதாகவே வந்து ஒதுங்கிக்கொண்டார்கள். சகுந்தலாவைக் கைப்பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தவள் ஜெகதாம்பாள். இரண்டு வெள்ளைச் சேலைகள் வாசற்படி ஏறின.

கதவோரம் கோமளா நின்றிருந்தாள். விடிந்ததிலிருந்து தாயைத் தேடிக்கொண்டிருந்தவள். ஒரு வெள்ளையைப் பார்த்தாள். மறு வெள்ளையைப் பார்த்தாள்.

"ரெண்டு அத்த" என்றாள்.

சகுந்தலாவின் கால் படியிலேயே நின்றது. "கோமளா, நான்தான்டி. அம்மா" என்றாள்.

குழந்தை அக்குரல் வந்த திக்கில் கையை நீட்டினாள். நீட்டிய கையின் எதிரே இருந்தது வெள்ளை. கை பின்னால் போயிற்று. மீண்டும் குரல் கேட்டது, மீண்டும் வெள்ளை. கோமளா கண்ணாடியைக் கழற்றினாள். இமைகளை இறுக மூடினாள். பிறகு, பார்வை வருமுன் நடந்ததைப் போலவே, காற்றைத் தடவித் தடவி வந்து, தாயின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கண்ணத் தொறடி கண்ணு."

"மாட்டேன்."

"ஏன்டி?"

"தொறந்தா நீ இல்ல. மூடிக்கினா கீற."

கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வடையும் பாயசமும் வாழைக்காய்க் கூட்டும் மணத்தன. வாசுதேவன் வந்து ஆரஞ்சு நிற பலூனைக் காட்டிப் பார்த்தான். உப்பள மேஸ்திரி ஏசுதாஸ் மிட்டாய் கொண்டுவந்தார். கோமளா கையால் வாங்கினாள், இமையைத் திறக்கவில்லை. தாயின் மடியில் கிடந்து, விரலால் தாயின் தாடையையும் காதையும் தடவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களின் பழைய சாமர்த்தியம் சகுந்தலாவைக் குலைத்தது. இருட்டுக்குத் திரும்பும் வழி குழந்தைக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது!

அவள் எழுந்தாள்.

"எங்க எந்திரிக்கற?" என்றாள் ஜெகதாம்பாள். "பந்தி முடியற வரைக்கும் மூலைய விட்டு நவுறக் கூடாது."

"பொடவ மாத்தப் போறேன் அண்ணி."

பரிமாறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இன்னா சொன்ன?"

"பச்ச கட்டப் போறேன்."

"உனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எந்தம்பி போன எடம் இன்னும் ஈரம் காயல. ஊரு வாயில வுழுந்து சாவப் போறியா?"

"ஊரு பேசிட்டுப் போவட்டும். கொழந்த கண்ண மூடிக்கினு கீது, நீயும் பார்த்துக்கினுதான கீற?"

"கொழந்த ரெண்டு நாள்ல பழகிக்கும். ஒரு வருசம் போவட்டும், திதி முடியட்டும், அப்பால பார்த்துக்கலாம்."

"ஏழு வருசமும் இதத்தான் சொன்னே அண்ணி. பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்னு. அது பார்க்காத கெடந்துது."

ஜெகதாம்பாளின் முகம் அறைபட்டதுபோல் ஆயிற்று. வாசுதேவன் இடையில் வந்தான். "தங்கச்சி, பெரியவங்ககிட்ட இப்பிடிப் பேசாத. நாலு பேரு வந்துகீறாங்க. எம்மானத்தயும் சேத்து வாங்காத."

"மானம் போவுதுன்னா நீ போட்ட கோடிய நீயே எடுத்துக்கினு போ அண்ணாத்த. கோச்சிக்காத. இதக் கட்டிக்கினா எம்பொண்ணுக்கு நைனாவும் இல்ல, அம்மாவும் இல்ல."

பந்தியிலிருந்து ஒரு முதியவர் முணுமுணுத்தார்: "புருசன் போனதும் கலரு கேக்குது."

சகுந்தலா அவர் பக்கம் திரும்பினாள். "ஆமா பெரியவரே, கேக்குது. எனுக்குக் கேக்கல, அதோ அந்தக் கண்ணுக்குக் கேக்குது. அது தெறக்கலன்னா நீ வந்து ஆயுசுக்கும் கையப் புடிச்சி இஸ்துகினு போவியா?"

முதியவர் இலையைப் பார்த்தார்.

ஜெகதாம்பாள் அப்போது பேசினாள். அவள் குரலில் அதிகாரம் இல்லை. அதுவரை எவரும் அவளிடம் கேட்டிராத ஒரு நடுக்கம் இருந்தது.

"இந்த வெள்ளைய நான் ஆசப்பட்டா கட்டினேன்? இருவத்திரண்டு வயசுடி எனுக்கு. ஊதாக் கலர்னா உசுரு. ஒருத்தரும் எனுக்காவ ஒரு வார்த்த பேசல. எங்கம்மாவே வந்து வளையல ஒடச்சா. சரி, இதுதான் மொறன்னு கட்டினேன். நீ இன்னிக்கி இத ஒரு நிமிசத்துல கழட்டிப் போட்டுட்டு வந்து நின்னா, நான் கட்டினதெல்லாம் இன்னாத்துக்கு? சொல்லு. இன்னாத்துக்கு?"

ஒரு பெண்ணின் இளமையை வாங்கிக்கொண்ட ஊர், அதற்கு ஈடாகக் கொடுத்தது பெரிய மனுஷி என்ற பெயர் ஒன்றைத்தான். அந்தப் பெயரும் இப்போது கையை விட்டுப் போகிறது. சகுந்தலா அவளருகில் போய், அவள் கையைத் தொட்டாள். ஜெகதாம்பாள் கையை இழுத்துக்கொண்டாள். சகுந்தலா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

பந்தியில் சிலர் எழுந்தார்கள். வாசுதேவன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். "சாப்புடாத போனா செத்தவனுக்கு ஆவாதுப்பா" என்று ஏசுதாஸ் தடுத்துப் பார்த்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. அப்போது ஜெகதாம்பாள், எவர் முகத்தையும் பாராமல், சாதக் குண்டானைத் தூக்கினாள்.

"எங்க எந்திரிக்கறீங்க? எந்தம்பி சோறு இது. உக்காருங்க. ஆறிப்போவுது."

எழுந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். உட்கார்ந்தவர்களுக்கு அவள் சாதம் போட்டாள், குழம்பு ஊற்றினாள். கிளிப்பச்சையில் சகுந்தலா வெளியே வந்தபோது, ஜெகதாம்பாள் முதுகைத்தான் காட்டினாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பின்பும் நெடுநாள் அவள் சகுந்தலாவோடு பேசவில்லை.

சகுந்தலா கோமளாவைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அங்கே துவைகல் மீது குழந்தையை உட்கார வைத்தாள். கண்ணாடியைத் தன் முந்தானையால் துடைத்து, மூடிய இமைகளுக்கு மேலே அதை மாட்டிவிட்டாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள். பேசவில்லை. டாக்டர் சொன்னபடி குரலைத் தொண்டைக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தாள். உச்சி வெயில் நேர்மேலே நின்றது. உள்ளே இலைகளை எடுக்கும் ஓசையும், எவரோ தன் பெயரைச் சொல்லித் தாழ்ந்த குரலில் ஏசுவதும் கேட்டன. நாளை உப்பளத்தில் எந்தப் பெண் தன் பக்கத்துப் பாத்தியில் இறங்குவாள், எவள் மறுகோடிக்குப் போவாள் என்று அவளுக்குத் தெரியும். கணவனுக்காக ஊர் கேட்க ஒப்பாரி வைத்தவள், இப்போது ஒலி எழுப்பாமல் அழுதாள்.

"அம்மா?" என்றாள் கோமளா.

பதில் இல்லை.

"அம்மா, கீறியா?"

பதில் இல்லை. குழந்தை கையை நீட்டித் துழாவினாள். சகுந்தலா எட்டாத தொலைவில் இருந்தாள். எட்டும் தொலைவுக்கு வர அவளுடைய உடம்பெல்லாம் துடித்தது, வரவில்லை.

கோமளாவின் இமைகள் நடுங்கின. ஒரு கீற்று அளவு திறந்தன. மூடின. மறுபடி திறந்தன.

"பச்ச" என்றாள்.

அத்தோடு ஓடிவந்து சேலையில் முகம் புதைப்பதுதான் அவள் வழக்கம். இப்போது இறங்கி வந்தவள், பாதி வழியில் நின்றாள். அவளுடைய கண் சேலையை விட்டு மேலே ஏறியது. நெற்றியில் எப்போதும் இருக்கும் சிவப்பைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. தலையில் பூவின் வெள்ளை இல்லை. காதோரம் மஞ்சள் இல்லை. பற்றிக்கொள்ள ஒரு நிறமும் இல்லாத அந்த முகத்தில், அவள் பார்வை முதல்முறையாக இறங்கவும் நகரவும் தொடங்கியது. நெற்றியிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து கன்னத்துக்கு.

"அம்மா, உம்மூஞ்சி மேல இன்னாமோ ஓடுது."

"இன்னா ஓடுது?"

"தெர்ல. செவப்பு இல்ல. பச்ச இல்ல. வெள்ளயும் இல்ல. ஒரு கலரும் இல்லம்மா. ஆனா கீது. மெதுவா கீழ எறங்குது."

சொல்லிக்கொண்டே கோமளா கிட்டே வந்து விரலை நீட்டினாள். தடவவில்லை, துழாவவில்லை. அது தாடையை எட்டுமுன், நேராக, வழியிலேயே தொட்டு நிறுத்தினாள்.